பின்னணியை அறிந்த பேராசான்: நிலவியல் அறிஞர் வாடியா



பரிசளிப்பு விழா மலர் என்றால் பெரியவர் ஒருவரின் வாழ்க்கை வரலாறு அதில் இருக்க வேண்டும் என்பது நம் பள்ளிகளின் வழக்கம். காந்தியடிகள், பாரதியார், தாகூர், சர். சி. வி. இராமன் என்று நாம் படித்துப் படித்துப் பழகிய பெயர்கள் பல. இம்முறை பாறையோடும் மண்ணோடும் வாழ்நாளைக் கழித்த ஒருவரைப் பற்றிச் சொல்லலாம் என்று தோன்றியது. அவர்தாம் தாராஷா நோஷெர்வான் வாடியா. இந்திய நிலவியலின் தந்தை என்று பலரும் போற்றும் பேரறிஞர்.

நிலவியல் என்றால் என்ன? பாறையையும் மண்ணையும் மலையையும் படிக்கும் படிப்பு. கல்லைப் படித்து என்ன கிடைக்கப் போகிறது என்று கேட்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். இந்தக் கல் படிப்பு நம் ஜாசின், அலோர் காஜா வரைக்கும் வந்து நிற்கப் போகிறது.

ஸ்டேஷன் மாஸ்டர் மகன்

1883ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் நாள், குஜராத்தின் சூரத் நகரில் வாடியா பிறந்தார். பார்சிக் குடும்பம். முன்னோர்கள் கப்பல் கட்டுவதில் பேர் எடுத்தவர்கள். ஆனால் தகப்பனாருக்கோ சின்னஞ்சிறு ரயில் நிலையம் ஒன்றில் ஸ்டேஷன் மாஸ்டர் வேலை. அந்த ஊரில் நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. ஆகவே பிள்ளைகள் சூரத்தில் பாட்டியின் வீட்டில் இருந்து படிக்க நேர்ந்தது. பிள்ளைகளின் படிப்புக்காக வீட்டைப் பிரிந்து அனுப்பும் வேதனை நம் தோட்டத்துப் பெற்றோர்களுக்குப் புதிதா என்ன? அந்த வேதனையை நூறு ஆண்டுகளுக்கு முன்பே பட்ட குடும்பம் அது.

பின்னர் பரோடாவில் உயர்நிலைப் பள்ளி. அதன் பிறகு பரோடா கல்லூரி. நிலவியலை முறையாகச் சொல்லிக் கொடுக்க அந்நாளில் அங்கே பெரிய வசதி ஒன்றும் இல்லை. பேராசிரியர் ஒருவர் தந்த ஊக்கமும், தாமே புத்தகத்தைப் புரட்டிப் புரட்டிப் படித்த உழைப்பும்தான் அவருக்குத் துணை. வெளிநாடு போய்ப் பட்டம் வாங்கி வரவில்லை. இதை மாணவர்கள் மனத்தில் குறித்துக்கொள்ள வேண்டும்.

1907இல், இருபத்து மூன்று வயது வாலிபராக, காஷ்மீர் நாட்டு ஜம்முவில் இருந்த பிரின்ஸ் ஆப் வேல்ஸ் கல்லூரிக்குப் பேராசிரியராகப் போனார். அங்கே பதினான்கு ஆண்டுகள். விடுமுறை விட்டால் மற்றவர்கள் சொந்த ஊருக்கு மூட்டை கட்டுவார்கள். வாடியாவோ சுத்தியலைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் புறப்படுவார். மாணவர்களையும் கூட்டிக்கொண்டு போவார். கால்நடையாகப் போய், கல்லை உடைத்துப் பார்த்து, கண்டதை எழுதி, படம் வரைந்து வருவார்.

இந்தியாவின் நிலவியலை மாணவர்களுக்கு விளக்கும் நல்ல புத்தகம் இல்லையே என்ற குறையைத் தீர்க்க, அவரே ஒரு நூலை எழுதினார். 1919இல் அது வெளிவந்தது. அதன் பிறகு இந்தியாவில் நிலவியல் படித்த தலைமுறை தலைமுறையான மாணவர்கள் அந்தப் புத்தகத்தைத் தொடாமல் தேர்வுக்குப் போனதில்லை என்றே சொல்லலாம்.

மலை ஏன் வளைந்தது?

1921இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது முப்பத்தெட்டு ஆகப் போகிறது. வெள்ளைக்காரர்கள் கோலோச்சிய துறை அது. வெளிநாட்டுப் பட்டம் இல்லாத இந்தியர் ஒருவர் அதில் அதிகாரியாக நுழைவது அந்நாளில் லேசுப்பட்ட காரியமல்ல.

அங்கேதான் அவருடைய பெயரை உலகமே அறியச் செய்த ஆராய்ச்சி நடந்தது. இமயமலை கிழக்கிலிருந்து மேற்காக நீண்டு வந்து, வடமேற்கில் 8126 மீட்டர் உயரமுள்ள நங்க பர்வதம் என்னும் சிகரத்தின் அருகே திடீரென்று தெற்கு நோக்கி வளைந்து திரும்புகிறது. ஏன்? இரண்டு வெவ்வேறு மலைத்தொடர்கள் அங்கே சந்திக்கின்றன என்று நினைத்தவர்கள் உண்டு. வாடியா அந்தப் பனிமலைப் பக்கமெல்லாம் நடந்து பாறைகளை ஒப்பிட்டார். வளைவுக்கு இந்தப் பக்கம் உள்ள பாறை அடுக்கும் அந்தப் பக்கம் உள்ள பாறை அடுக்கும் ஒன்றே என்று கண்டார். ஆகவே ஒரே மலைத்தொடர்தான், அசையாத பழைய நிலப்பகுதி ஒன்றை மோதி, அதைச் சுற்றிக்கொண்டு வளைந்திருக்கிறது என்று 1931இல் எடுத்துரைத்தார்.

கவனித்தீர்களா? எது வழக்கமானது, எது வழக்கத்துக்கு மாறானது என்று பிரித்துப் பார்க்கும் புத்திதான் அங்கே வேலை செய்தது. இதே புத்தி பிற்காலத்தில் வேறொரு பெரிய வேலைக்குக் கைகொடுத்தது.

இலங்கையில் ஆறு ஆண்டுகள்

1938இல் ஓய்வு பெற்றார். சாய்வு நாற்காலியில் உட்காரவில்லை. இலங்கை அரசாங்கம் கனிம அதிகாரியாக அழைத்தது. போனார். 1944 வரை அங்கே இருந்து பாறைப் படங்கள் வரைவதிலும், நீர்வளம், அணை ஆகியவற்றுக்கான நில ஆய்விலும் ஈடுபட்டார்.

இலங்கைக் கனிம ஆய்வுக்கு ஒரு தமிழ்த் தொடர்பு உண்டு. அதன் முதல் இயக்குநராக இருந்தவர், பின்னாளில் கலை ஆராய்ச்சியால் உலகப் புகழ் பெற்ற ஆனந்த குமாரசுவாமி. அவர் ஆராய்ந்த கறுப்புக் கனிமம் ஒன்றை 1904இல் முதலில் யுரேனியக் கனிமம் என்றே எண்ணினார்கள். சோதித்துப் பார்த்தபோது அதில் மிகுந்திருப்பது தோரியம் என்று தெரியவந்தது. அதற்குத் தோரியனைட் என்று புதுப்பெயர் வைத்தார்கள். யுரேனியமும் தோரியமும் ஒன்றைப்போல் ஒன்று ஏமாற்றும் என்பதற்கு இது நல்ல சாட்சி. இந்தச் செய்தியை மறந்துவிடாதீர்கள். சற்று நேரத்தில் வேண்டியிருக்கும்.

அறுபத்தாறு வயதில் புது வேலை

இந்தியா 1947இல் விடுதலை அடைந்தது. மறு ஆண்டு, டாக்டர் ஹோமி பாபாவைத் தலைவராகக் கொண்டு அணுசக்தி ஆணையம் அமைந்தது. அணுசக்திக்கு மூலப்பொருள் யுரேனியம். அது எங்கே இருக்கிறது? இத்தனை பெரிய தேசத்தில் எந்த மூலையில் தேடுவது? தேடும் பொறுப்பு 1949இல் வாடியாவிடம் வந்தது. அரிய கனிமங்களுக்கான ஆய்வுப் பிரிவு ஒன்று தொடங்கப்பட்டது. வாடியாவுக்கு அப்போது வயது அறுபத்தாறு. மற்றவர்கள் பேரப்பிள்ளைகளோடு விளையாடும் வயதில் அவர் இளைஞர்களைத் திரட்டி, பயிற்சி கொடுத்து, காட்டுக்கும் மலைக்கும் அனுப்பத் தொடங்கினார்.

அந்த இளைஞர்கள் கையில் இருந்த முக்கியமான ஆயுதம் கெய்கர் கருவி. கதிரியக்கம் உள்ள பொருளிலிருந்து காமாக் கதிர்கள் வெளிப்படும். கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்குத் தெரியாது, கைக்கும் தெரியாது. கருவிக்குள் ஒரு கதிர் புகுந்தால் டிக் என்று ஒரு சத்தம். நிறையக் கதிர் புகுந்தால் டிக் டிக் டிக் என்று மழை பெய்கிற மாதிரி சத்தம்.

அப்படியானால் சுலபமாச்சே, சத்தம் கேட்கிற இடத்தில் தோண்ட வேண்டியதுதானே என்று சொல்லத் தோன்றும். இங்கேதான் விஷயமே இருக்கிறது. அந்தக் கருவி எங்கே வைத்தாலும் சத்தம் போடும்! வானத்திலிருந்து அண்டக் கதிர்கள் இடைவிடாமல் வருகின்றன. ஆஸ்திரிய அறிஞர் விக்டர் ஹெஸ் 1912இல் பலூனில் ஏறிப்போய் இதைக் கண்டுபிடித்தார். மண்ணிலும் பாறையிலும் பொட்டாசியம், யுரேனியம், தோரியம் மூன்றும் துளித்துளியாக எங்கும் கலந்திருக்கின்றன. காற்றிலே ரேடான் என்னும் வாயு உண்டு. கருவிக்குள்ளேயே சிறிதளவு கதிரியக்கம் உண்டு. இவை எல்லாம் சேர்ந்து எப்போதும் ஒரு சத்தம் இருந்துகொண்டே இருக்கும். இதற்குப் பின்னணி என்று பெயர். பின்னணியை மீறி எழும் எண்ணிக்கைக்குப் பிறழ்வு என்று பெயர். பின்னணியிலிருந்து பிறழ்வைப் பிரித்தெடுப்பதுதான் தேடுகிறவனின் முழு வேலையும்.

சந்தைக்குள்ளே பிள்ளையைத் தொலைத்த தாய் ஒருத்தியை நினைத்துக்கொள்ளுங்கள். சந்தையின் இரைச்சல் எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தான் அதற்குள்ளே தன் பிள்ளையின் அழுகைக் குரல் அவள் காதுக்குத் தனியாகக் கேட்கும்.

பால் மரம் வெட்டுகிறவருக்குத் தெரிந்த கணக்கு

இந்தப் பிரித்தறியும் கணக்கு தோட்டத்து மக்களுக்குப் புதிதல்ல. எப்படி என்று கேளுங்கள்.

மழை பெய்து மரம் நனைந்த நாளில் எல்லாருடைய வாளியிலும் பால் குறையும். அன்று ஒருவருக்குப் பால் குறைந்தால் அவரை மண்டோர் திட்டுவது நியாயமா? ஆகாது. இளமரக் காட்டில் வெட்டுபவரையும் கிழமரக் காட்டில் வெட்டுபவரையும் ஒரே தராசில் நிறுத்துவது நியாயமா? அதுவும் ஆகாது. ஒரே காடு, ஒரே வயது மரம், ஒரே நாள். இப்படி ஒப்பிட்டுப் பார்த்த பிறகும் ஒரு மரத்தின் மங்கு மட்டும் நாள்தோறும் காய்ந்து கிடந்தால், அந்த மரத்தின் பட்டையில் ஏதோ கோளாறு என்று அனுபவசாலி கண்டுகொள்வார்.

வாடியாவின் வழிவந்த ஆய்வாளர்கள் செய்ததும் இதுவே. கதையாக ஒரு கணக்குச் சொல்கிறேன். களிமண் பள்ளத்தாக்கு ஒன்றில் கருவி நிமிடத்துக்குச் சராசரி 100 எண்ணுகிறது என்று வைத்துக்கொள்வோம். பக்கத்தில் உள்ள கருங்கல் குன்றில் சராசரி 180. இப்போது 170 என்று ஒரு கணக்கு வருகிறது. இது பெரிதா, சிறிதா? குன்றின் மேல் வந்தால் அது சாதாரணம். பள்ளத்தாக்கில் வந்தால் அது பெரிய செய்தி! எண் ஒன்றுதான். பின்னணி வேறு. ஆகவே தேசம் முழுதுக்கும் ஒரே அளவுகோல் வைத்தால் கருங்கல் குன்றெல்லாம் சுரங்கமாகத் தோன்றும். பள்ளத்தாக்கில் ஒளிந்திருக்கும் உண்மையான புதையலோ கண்ணில் படாமலே போய்விடும்.

இன்னொன்றும் உண்டு. கதிர்கள் கடிகாரம் மாதிரி ஒழுங்காக வருவதில்லை. அதே இடத்தில், அதே கருவியில், ஒரு நிமிடம் 100 வரும், அடுத்த நிமிடம் 92 வரும், அதற்கடுத்து 109 வரும். 100 எண்ணினால் ஏறக்குறைய 10 இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தள்ளாடுவது இயற்கை. அதாவது நூற்றுக்குப் பத்து. பொறுமையாக நின்று 10,000 வரை எண்ணினால் தள்ளாட்டம் 100தான். அதாவது நூற்றுக்கு ஒன்று. நாலு மடங்கு நேரம் நின்றால் தடுமாற்றம் பாதியாகக் குறையும். பொறுமைக்குக் கிடைக்கும் கூலி இது.

ஆகவே ஆய்வாளர்கள் ஒவ்வொரு பாறை வகைக்கும் தனித்தனியாகச் சராசரி கண்டார்கள். அந்தச் சராசரியைச் சுற்றி அளவுகள் வழக்கமாக எவ்வளவு சிதறுகின்றன என்றும் கணக்கிட்டார்கள். அந்தச் சிதறலைப் போல் மூன்று மடங்குக்கு மேல் ஓர் அளவு எழுந்தால்தான் அதைப் பிறழ்வு என்று குறித்துக்கொள்வது பொதுவான வழக்கம். நம் பள்ளத்தாக்குக் கணக்கில் சிதறல் 10 என்றால் 130ஐத் தாண்ட வேண்டும். தாண்டிவிட்டால் உடனே தோண்டிவிடலாமா? கூடாது. திரும்பப் போய் அளக்க வேண்டும். அக்கம் பக்கத்திலும் அளக்க வேண்டும். ஒற்றைப் புள்ளி துள்ளினால் அது வெறும் தற்செயலாக இருக்கலாம். வரிசையாகப் பல புள்ளிகள் உயர்ந்து, பாறை அடுக்கு போகும் திசையிலேயே அவையும் போனால், அங்கே பொருள் இருக்கிறது.

மழை இங்கேயும் வந்து கெடுக்கும்! காற்றில் உள்ள ரேடானிலிருந்து பிறந்த பொருள்களை மழை கழுவித் தரையில் சேர்த்துவிடும். மழை விட்டதும் அளந்தால் எங்கும் யுரேனியம் இருப்பது போலத் தோன்றும். சில மணி நேரம் காத்திருந்தால் அந்தப் பொய் தானாக அடங்கிவிடும். ஆக, மழை விட்ட கையோடு பாலும் வெட்டக் கூடாது, கதிரும் அளக்கக் கூடாது.

தோரியம் போடும் வேஷம்

கன்னியாகுமரிக்கு அருகே மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் மோனசைட் என்னும் கனிமம் இருப்பதை 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலார் கண்டறிந்தார். கேரளக் கடற்கரையிலும் அது ஏராளம். அந்த மணலில் கெய்கர் கருவியை வைத்தால் போதும், காது செவிடாகும். ஆனால் அதில் மிகுந்திருப்பது தோரியம். இந்தியாவுக்குத் தோரியத்தில் பஞ்சமே இல்லை. அப்போது வேண்டியிருந்தது யுரேனியம். கெய்கர் கருவிக்கு எண்ணத் தெரியுமே தவிர, இது யார் வீட்டுக் கதிர் என்று அடையாளம் சொல்லத் தெரியாது. ஆகவே கல்லை எடுத்துவந்து ஆய்வுக்கூடத்தில் வேதியியல் முறையில் சோதித்தால்தான் உண்மை தெரியும். இலங்கைத் தோரியனைட் கற்பித்த பாடம் இதுதானே!

பிற்காலத்தில் வந்த கருவிகள் கதிரின் பலத்தையும் அளந்தன. சோடியம் அயோடைடு படிகத்தில் காமாக் கதிர் பட்டால் மினுக்கென்று ஓர் ஒளி தோன்றும். அந்த ஒளியின் அளவைப் பார்த்துக் கதிரின் பலத்தைச் சொல்லிவிடலாம். பொட்டாசியத்தின் கதிர் 1.46, யுரேனியக் குடும்பத்தின் கதிர் 1.76, தோரியக் குடும்பத்தின் கதிர் 2.62 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட். ஆளுக்கு ஒரு குரல் மாதிரி. ஆனால் தோரியத்தின் பலமான கதிர் வழியில் மோதி, பலம் குறைந்து, யுரேனியத்தின் வேஷத்தில் வந்து நிற்பதும் உண்டு. எத்தனை கதிர் அப்படி வேஷம் போடும் என்று முன்னதாகவே சோதித்து வைத்துக்கொண்டு, அந்த அளவைக் கழித்துவிடுவார்கள்.

1950களின் நடுவிலிருந்து இந்தியாவில் விமானத்தில் பறந்தும் அளக்கத் தொடங்கினார்கள். விமானமும் கருவியும் வானமும் சேர்ந்து தரும் பின்னணி எவ்வளவு என்று கண்டுபிடிக்க ஓர் அழகான வழி உண்டு. கடலுக்கோ பெரிய ஏரிக்கோ மேலே பறந்து அளப்பது! தரையின் கதிரைத் தண்ணீர் மறைத்துவிடும். மிச்சம் வருவது முழுதும் பின்னணி. அதை நிலத்தின் கணக்கிலிருந்து கழித்தால் நிலத்தின் உண்மைக் குரல் கேட்கும்.

இத்தனையும் செய்தாலும் கருவிக்கு ஓர் எல்லை உண்டு. அரை மீட்டர் மண் மூடினாலே கீழே உள்ள கதிர் பெரும்பாலும் மேலே வராது. மேலும், 1.76 கதிரை வெளியிடுவது யுரேனியம் அல்ல. அதன் வழியில் பிறந்த பிஸ்மத். யுரேனியத்தை மழைநீர் கரைத்துக்கொண்டு போன பிறகும் வாரிசுகள் சில காலம் அங்கேயே இருந்து சத்தம் போடக்கூடும். அதனால்தான் கருவி சொன்னாலும் சுத்தியலைக் கீழே போடாதவன் நல்ல நிலவியலான்.

ஜாதுகுடா

இந்த வழியில் தேடிய ஆய்வாளர்களுக்கு 1951இல் பலன் கிடைத்தது. அன்றைய பீகாரில், இன்றைய ஜார்க்கண்ட் மாநிலத்தில், சிங்பூம் செம்புப் பாறைப் பகுதியில் ஜாதுகுடா என்ற இடத்தில் யுரேனியத் தாது கண்டுபிடிக்கப்பட்டது. அந்தத் தாதுவில் ஆயிரம் பங்குக்கு ஒரு பங்கு யுரேனியம்கூட இல்லை. அவ்வளவு மெல்லிய குரலைத்தான் இரைச்சலுக்குள்ளிருந்து பிரித்தெடுத்திருக்கிறார்கள்! 1967இல் அங்கே இந்தியாவின் முதல் யுரேனியச் சுரங்க நிறுவனம் அமைந்தது. சுரங்கத்தால் தங்கள் நிலத்துக்கும் உடல்நலத்துக்கும் கேடு வருகிறது என்று அப்பகுதி ஆதிவாசி மக்கள் குரல் எழுப்பியதையும் இங்கே சொல்லாமல் விடுவது முறையல்ல. மண்ணுக்குள் இருந்ததைக் கண்டுபிடிப்பது ஒரு வேலை. வெளியே எடுத்தபின் அதைப் பத்திரமாகக் காப்பது இன்னொரு பெரிய வேலை.

வாடியா 1957இல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். 1958இல் பத்மபூஷண் விருது. 1963இல் தேசியப் பேராசிரியர் பட்டம். 1964 டிசம்பரில் உலக நிலவியல் மாநாடு ஆசியாவில் முதன்முறையாகப் புதுடில்லியில் கூடியபோது தலைமை ஏற்றவர் அவரே. 1969 ஜூன் 15ஆம் நாள் மறைந்தார். இமயமலையை ஆராயும் நிலையம் ஒன்று 1968இல் தொடங்கியது. டேராடூனில் உள்ள அந்த நிலையம் இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. அவர் தலைமையில் பிறந்த சின்னஞ்சிறு ஆய்வுப் பிரிவு, ஹைதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட அணுக்கனிமத் துறையாக வளர்ந்து இன்றும் வேலை செய்கிறது.

நம் மலாக்காவில்

சரி, இதெல்லாம் எங்கோ நடந்தது, நமக்கென்ன என்று கேட்பீர்கள். நம் மலாக்கா மாநிலத்தையும் இப்படி அளந்திருக்கிறார்கள். மலேசிய ஆய்வாளர்கள் ஈராண்டு காலம் மாநிலம் முழுதும் சுற்றி, 542 இடங்களில் சோடியம் அயோடைடு கருவியை வைத்து அளந்து, 2005இல் முடிவை வெளியிட்டார்கள். மிகக் குறைந்த அளவு மணிக்கு 54 நானோகிரே. மிகக் கூடிய அளவு 378. சராசரி 183. பத்து பாரண்டாம், புக்கிட் பாரு, மலாக்கா பட்டணம் போன்ற, மக்கள் நிறைய வாழும் இடங்களில் சராசரியைவிடச் சற்றுக் குறைவு. ஏனென்றால் அங்கே அடியில் இருப்பவை பெரும்பாலும் களிப்பாறை, மணற்பாறை வகைகள். கருங்கல்லிலிருந்து உண்டான மண் உள்ள இடங்களில்தான் அளவு கூடியிருந்தது. 350ஐத் தாண்டிய சிறு புள்ளிகள் மாநிலம் முழுதும் மூன்றே மூன்று.

இதைக் கேட்டு யாரும் பயப்பட வேண்டியதில்லை. வெளியிடத்து மண்ணிலிருந்து நமக்கு ஓராண்டில் கிடைப்பது சராசரி 0.21 மில்லிசீவர்ட் என்று கணக்கிட்டார்கள். உலகச் சராசரி 0.07. ஆகவே நம்முடையது மூன்று மடங்கு. ஐயோ மூன்று மடங்கா என்று பதறுவதற்கு முன்னால் இன்னொரு கணக்கையும் பாருங்கள். வானம், காற்று, உணவு, மண் எல்லாம் சேர்ந்து உலகில் ஒரு மனிதருக்கு இயற்கையாக ஓராண்டில் கிடைப்பது சராசரி 2.4 மில்லிசீவர்ட். அதில் இது சிறு பங்குதான். யாரும் வந்து கொட்டியதும் அல்ல. நம் கருங்கல்லின் பிறவிக் குணம்.

அப்படியிருக்க இதை அளப்பானேன்? நாளைக்கு யாராவது ஏதாவது கொட்டினால் கண்டுபிடிப்பதற்கு! நம் நாட்டு ஈயச் சுரங்கங்களில் ஈயத்தைப் பிரித்தபின் மிஞ்சும் கறுப்பு மணலுக்கு அமாங் என்று பெயர். அதிலும் மோனசைட் உண்டு. ஈப்போ அருகே புக்கிட் மேராவில் 1982 முதல் மோனசைட்டிலிருந்து அரிய மண் தனிமங்களைப் பிரிக்கும் ஆலை ஒன்று நடந்தது. தோரியம் கலந்த கழிவைக் கண்டு அஞ்சிய ஊர்மக்கள் 1985இல் வழக்குப் போட்டார்கள். 1992இல் உயர்நீதிமன்றம் மக்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 1993இல் உச்சநீதிமன்றம் அதை மாற்றியது. ஆனாலும் 1994இல் ஆலை மூடப்பட்டது. இதுபோன்ற எந்த வழக்கிலும் முதலில் எழும் கேள்வி என்ன? முன்பு இங்கே எவ்வளவு இருந்தது என்பதுதான். முன்பிருந்த அளவு தெரியாவிட்டால், புதிதாகச் சேர்ந்ததை எப்படிப் பிரித்துக் காட்டுவது? மலாக்காவில் 542 இடங்களின் கணக்கு எழுத்தில் இருக்கிறது. அது நம் பிள்ளைகளுக்கு ஒரு சொத்துப் பத்திரம் மாதிரி.

மாணவர்களுக்கும் பெற்றோர்களுக்கும்

மாணவச் செல்வங்களே! வாடியாவின் வாழ்விலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியவை மூன்று. ஒன்று, நல்ல பள்ளிக்கூடம் இல்லாத ஊரிலிருந்து புறப்பட்டவரும் உலக மாநாட்டுக்குத் தலைமை தாங்கலாம். இரண்டு, அறுபத்தாறு வயதிலும் புது வேலை கற்கலாம் என்றால், பதினோரு வயதில் இந்தக் கணக்கு எனக்கு வராது என்று சொல்வது எவ்வளவு அவசரம்! மூன்று, யாராவது ஓர் எண்ணைச் சொல்லி உங்களை மயக்கினாலோ பயமுறுத்தினாலோ, வழக்கமாக எவ்வளவு இருக்கும் என்று ஒரு கேள்வி கேளுங்கள். திரும்ப அளந்து பார்த்தீர்களா என்று இன்னொரு கேள்வி கேளுங்கள். இந்த இரண்டு கேள்விகளும் கையில் இருந்தால் உங்களை ஏமாற்றுவது சுலபமல்ல.

பெற்றோர்களே! மதிப்பெண் அட்டையும் ஒரு கருவிதான். ஒரு பிள்ளை அறுபது வாங்கி வருகிறது. அது பெரிதா சிறிதா என்று எண்ணை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. அம்மாவும் அப்பாவும் விடியுமுன் வேலைக்குப் போய்விட, தம்பி தங்கைக்குப் பசியாற்றிவிட்டுப் பள்ளிக்கு வருகிற பிள்ளையின் அறுபதும், எல்லா வசதியும் உள்ள வீட்டுப் பிள்ளையின் அறுபதும் ஒன்றாகுமா? பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டுத் திட்டுவதை விட்டு, போன ஆண்டு இதே பிள்ளை வாங்கியதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு தேர்வில் இறங்கினால் உடனே சோர்ந்து போகாதீர்கள். அது நிமிடக் கணக்கின் தள்ளாட்டமாக இருக்கலாம். நாலு தேர்வு பாருங்கள்.

இன்று மேடை ஏறிப் பரிசு வாங்கும் பிள்ளைகளுக்கு நம் வாழ்த்துகள். மேடை ஏறாமல் பின்வரிசையில் உட்கார்ந்து கைதட்டும் பிள்ளைகளிலும் மெல்லிய குரலோடு ஒரு ஜாதுகுடா ஒளிந்திருக்கும். பொறுமையாக நின்று கேட்க வேண்டியது ஆசிரியர்களும் பெற்றோர்களுமாகிய நம் கடமை.

வாழ்க வாடியாவின் புகழ்! வளர்க நம் தமிழ்ப்பள்ளி!